உண்மைச் செய்திகள் வரைந்த பொய் முகம்

2018 ஏப்ரல் மாதக் கடைசியில், குடியாத்தத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. இந்தி பேசினார் என்று செய்திகள் சொல்லின. குழந்தை கடத்த வந்தவன் என்பது அவர் மேல் சுமத்தப்பட்ட சந்தேகம். முதல் நாள் செய்திகளில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ஊரின் பெயரை இங்கே நானும் எழுதவில்லை. ஒரு கூட்டம் செய்த கொலையை ஓர் ஊரின் நெற்றியில் முத்திரையாகக் குத்துவதும், இந்தக் கட்டுரை பேசப்போகும் நோயில் ஒரு வகைதான்.

அதற்கு அடுத்த சில நாட்களில், மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன ஒரு குடும்பத்தைக் கூட்டம் சூழ்ந்தது. காரில் இருந்த 65 வயது அம்மா வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதுவே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவர் அங்கேயே இறந்தார். அவர் சென்னைக்காரர், தமிழ் பேசுபவர். அதே வாரம் பழவேற்காட்டில் மனநலம் குன்றியவராகச் சொல்லப்பட்ட ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பிறகு பெங்களூரு, அசாம், மகாராஷ்டிரத்தின் துலே என்று அந்த ஆண்டு முழுக்கக் கொலைகள் தொடர்ந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. எல்லாரும் கைகாட்டியது வாட்ஸ்அப்பை.

வாட்ஸ்அப்புக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. வட இந்தியக் கும்பல்கள் குழந்தைகளைத் தூக்க வந்திருக்கின்றன, உஷாராக இருங்கள் என்று பதறும் குரலில் ஒலிப்பதிவுகள் வட மாவட்டங்கள் முழுக்கச் சுற்றின. அந்த ஆண்டு நாடு முழுக்கப் பரவிய ஒரு காணொளியில் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். அசல் படத்தில் பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடுவார்கள், எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஆனால் அந்த ஒலிப்பதிவு தன் வில்லனாக ஏன் வட இந்தியனைத் தேர்ந்தெடுத்தது? கேட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஏன் அது உடனே பொருத்தமாகப் பட்டது? பதில் வாட்ஸ்அப்பில் இல்லை. அதற்கு முன்னால் பல ஆண்டுகள் நாம் படித்த, பார்த்த செய்திகளில் இருக்கிறது.

வதந்தியைப் பற்றிய ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு பீகாரிலிருந்துதான் வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அதன் பிறகு பரவிய வதந்திகளைச் சேகரித்து எழுதினார். கடும் புயல் வரப்போகிறது, பெருவெள்ளம் வரப்போகிறது, பாட்னாவே இல்லாமல் போய்விடும் என்றெல்லாம் பேச்சு. வியப்பு என்னவென்றால், அதிர்ச்சியைப் பலமாக உணர்ந்தும் கண்முன்னே பெரிய சேதம் எதையும் பார்க்காத மக்களிடம் இவை பரவியிருந்தன. துர்கானந்த் சின்ஹா என்ற இன்னொரு ஆய்வாளர் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பிறகு, வீடும் உயிரும் கண்ணெதிரே போன மக்களிடையே ஆய்ந்தார். அங்கே இப்படிப்பட்ட மிகைப்படுத்திய வதந்திகள் இல்லை.

இந்தப் புதிர் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை உறுத்தியது. ஏற்கெனவே பயந்துபோன மக்கள், மேலும் பயமுறுத்தும் கதைகளை ஏன் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்? 1957இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு இந்தக் கேள்விதான் தொடக்கம். அவர் கண்ட விடை இது: உடல் நடுங்கிவிட்டது, மனத்தில் பயம் நிறைந்திருக்கிறது, ஆனால் பயப்படுவதற்கான பொருள் எதுவும் வெளியே தென்படவில்லை. காரணமில்லாத பயத்தை மனிதனால் தாங்க முடியாது. அதனால் பயத்துக்குத் தகுந்த காரணத்தை அவன் தேடிக்கொள்கிறான். வதந்தி பயத்தை உண்டாக்குவதைவிட, இருக்கிற பயத்துக்கு நியாயம் தேடித் தருகிறது.

அப்படியானால் 2018இல் நம் ஊர்களில் வெளியூர் முகத்தைப் பற்றிய பயம் முன்கூட்டியே இருந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது?

தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பத்தியில் ஒரு கைது செய்தி. செல்போன் பறித்தவர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் தலைப்பு 'வாலிபர் கைது'. அவர் பீகாரையோ ஜார்க்கண்டையோ சேர்ந்தவர் என்றால் 'வடமாநில வாலிபர் கைது'. இரண்டு செய்தியும் உண்மை. இரண்டிலும் ஒரு பொய்கூட இல்லை. காவல் நிலையத்தில் சொன்னதை நிருபர் அப்படியே எழுதியிருக்கிறார். ஆனால் முதல் செய்தியைப் படித்து முடித்த வாசகர் ஒரு திருடனை மறந்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறார். இரண்டாவதைப் படித்தவர் ஒரு கூட்டத்தைப் பற்றிய ஒரு சங்கதியை மனத்தில் போட்டு வைக்கிறார்.

இந்தச் சின்ன அடைமொழி இல்லாவிட்டாலும்கூட மனம் தானாகவே இந்தத் தவறைச் செய்யும் என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1976இல் அமெரிக்காவில் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃப்போர்ட் இருவரும் செய்தது. 'அ' குழு, 'ஆ' குழு என்று இரண்டு கற்பனைக் குழுக்கள். அவற்றின் உறுப்பினர்கள் செய்த காரியங்கள் ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுக்கப்பட்டன. 'அ' பெரிய குழு: 26 காரியங்கள், அவற்றில் 18 நல்லவை, 8 கெட்டவை. 'ஆ' சிறிய குழு: 13 காரியங்கள், 9 நல்லவை, 4 கெட்டவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் விகிதம் ஒன்றேதான், ஒன்பதுக்கு நான்கு. யாரும் யாரைவிடவும் மோசமில்லை. ஆனால் படித்தவர்களிடம் கேட்டபோது, கெட்ட காரியங்களை அளவுக்கு மீறிச் சிறிய குழுவின் தலையில் ஏற்றினார்கள், அந்தக் குழுவுக்கு மதிப்பும் குறைத்துக் கொடுத்தார்கள்.

காரணம் எளிது. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் கண்ணில் படுவார்கள். கெட்ட செயல் அரிது என்பதால் அதுவும் கண்ணில் படும். அரிதான ஆள் அரிதான செயலைச் செய்யும்போது அது இரண்டு மடங்கு உறைக்கிறது, நினைவில் தங்குகிறது. இந்தச் சோதனையில் பொய் சொல்லப்படவில்லை, யாரையும் யாரும் தூண்டிவிடவில்லை. வாக்கியங்களை எழுதியவர்களுக்கு எந்த உள்நோக்கமும் இல்லை. அப்போதும் சாய்வு பிறந்துவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் ராணிப்பேட்டை டேனரிகளிலும் வேலைக்கு வந்திருக்கும் வெளிமாநிலத்தவர் நம் மக்கள்தொகையில் 'ஆ' குழு. அவர்களில் ஒருவர் செய்யும் குற்றம் ஏற்கெனவே இரண்டு மடங்கு கண்ணில் படும். அதன் மேல் தலைப்பில் ஓர் அடைமொழியும் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஊடகச் சாய்வு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சி, விலைபோன பத்திரிகை. அவை இருக்கின்றன. ஆனால் அவற்றின் சாய்வு ஊருக்கே தெரியும். எந்தச் சானல் யாருடையது என்று டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதற்கேற்றபடி கழித்துக்கொண்டு கேட்பார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது, யாருக்கும் சாய்வாகவே தோன்றாத, நேர்மையான மனிதர்கள் நேர்மையாக எழுதி அடுக்கும் செய்திகளின் சாய்வு. அதை யாரும் கழித்துக்கொள்வதில்லை.

அது மனத்துக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஓர் ஆய்வு சாட்சி. ஃபிராங்க்ளின் கில்லியம், சாந்தோ அய்யங்கார் என்ற இருவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி அறிக்கை ஒன்றை எடுத்து, நடுவே ஒரு குற்றச் செய்தியைப் பொருத்தினார்கள். சிலருக்குக் காட்டியதில் சந்தேக நபராக ஒரு கறுப்பர் முகம் சில நொடிகள் வந்தது. வேறு சிலருக்கு வெள்ளையர் முகம். இரண்டும் ஒரே ஆளின் முகம்தான். கணினியில் தோலின் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது வகையினருக்குக் குற்றச் செய்தி மட்டும். சந்தேக நபரின் முகமே காட்டப்படவில்லை.

பிறகு, சந்தேக நபரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முகமே காட்டப்படாதவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படி இல்லாத முகத்தைப் பார்த்தவர்களில் பத்துக்கு ஏழு பேர், அது கறுப்பர் முகம் என்றார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததாகவே நம்பினார்கள். ஆண்டுக்கணக்கில் மாலைச் செய்தி ஒரே வரிசையில் கதை சொல்லிச் சொல்லி, குற்றம் என்றாலே அடுத்து ஒரு முகம், அந்த முகம் இன்ன நிறம் என்று மனம் பழகிவிட்டது. செய்தியில் இடம் காலியாக இருந்தபோது மனமே அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. ஒரு நாள் செய்தி யாரையும் மாற்றிவிடாது. ஆயிரம் நாள் செய்தி, கண்ணால் பார்த்த சாட்சியையே மாற்றிவிடும். ஜார்ஜ் கெர்ப்னர் என்ற தகவல் தொடர்பியல் அறிஞர் 1960களின் இறுதியிலிருந்து தொலைக்காட்சியைப் பற்றி வாதிட்டதும் இதைத்தான்: தொலைக்காட்சி உடனடியாக யாரையும் அடிக்கத் தூண்டுவது சிறிய விளைவு. உலகம் நிஜத்தில் இருப்பதைவிட ஆபத்தானது என்ற எண்ணத்தைச் சிறிது சிறிதாக வளர்ப்பதே பெரிய விளைவு.

குடியாத்தம் அருகே அந்த மனிதரைப் பார்த்தவர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? அழுக்குச் சட்டை, புரியாத மொழி, போக்கிடம் தெரியாத நடை. மீதியை மனம் நிரப்பியிருக்கும்.

எனக்கு மிகவும் வேதனை தருவது வேறொன்று. குடியாத்தம் ஒற்றை மொழி பேசும் ஊர் இல்லை. கவுண்டன்ய ஆற்றின் இரு கரையிலும் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து கேட்கும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வியாபாரம் வளர்ந்த ஊர்கள் எல்லாவற்றிலும் வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். இந்தி பேசும் ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் பஸ்ஸில் போனால் எட்டும் தூரத்தில் இருந்தார்கள். கூட்டம் ஒரு போன் போட்டிருந்தால் போதும். யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் அவர் யார் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே கையில் இருந்தது.

அந்த விடையை உருவாக்கியதில் பத்திரிகைகளோடு காவல்துறைக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஸ்டுவர்ட் ஹாலும் அவருடைய சகாக்களும் 1978இல், இங்கிலாந்தில் வழிப்பறியைப் பற்றி எழுந்த பீதியை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். குற்றச் செய்தியில் முதல் வார்த்தை எப்போதும் போலீஸ், நீதிமன்றம், அமைச்சர் ஆகியோருடையது. நிருபருக்கு நேரம் குறைவு, அதிகாரபூர்வமான வாயிலிருந்து வந்தால் பொறுப்பும் தனக்கில்லை. அதனால் ஒரு விஷயத்தை முதலில் வரையறுப்பவர்கள் அவர்களே. பிறகு மறுப்பவர்கள்கூட அந்த வரையறைக்குள் நின்றுதான் மறுக்க வேண்டும் என்றார் ஹால். 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி ஐந்து பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். வெளிமாநிலத்தவர்கள். அதைத் தொடர்ந்து, வாடகைக்குக் குடியிருக்கும் வெளிமாநிலத்தவர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஐந்து பேர் மீதான சந்தேகம் பல லட்சம் பேர் மீதான சந்தேகமாக மாற அதிக நாள் ஆகவில்லை.

செய்தியில் எது இடம் பெறுகிறது என்பதைப் போலவே, எது இடம் பெற்றும் தங்காமல் போகிறது என்பதும் மனப்பான்மையை உருவாக்குகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்து வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள், நம் தோல் ஏற்றுமதியின் கழிவில் மூழ்கி இறந்தார்கள். செய்தி வந்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது, வழக்குப் பதிவானது. ஆனால் 'வடமாநிலம்' என்றதும் நம் மனத்தில் அந்த ஒன்பது பேர் வருவதில்லை. கொள்ளை ஒரு தொடர்கதையாகச் சொல்லப்படுகிறது: தப்பினான், தேடுதல் வேட்டை, தனிப்படை, பிடிபட்டான், இன்னொருவன். தொழிலாளர் சாவு ஒரே நாளில் முடிந்துவிடும் கதை. எதைப் பற்றி யோசிப்பது என்பதைச் செய்தித்தாள் தீர்மானிக்கிறது என்று மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் 1968 அமெரிக்கத் தேர்தலை வைத்து நிறுவினார்கள். எவ்வளவு நாள் யோசிப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

குடியாத்தம் கொலைக்கு இரண்டே ஆண்டுகளில் இதே தோல் பட்டணங்களின் முஸ்லிம் குடும்பங்களே சந்தேகத்துக்கு உள்ளாகும் இடத்துக்குத் தள்ளப்பட்டன. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பின் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் போயிருந்தார்கள். நாட்டின் பல தொலைக்காட்சிகள் கொரோனாவுக்கு ஒரு மதத்தின் முகத்தை ஒட்டின. தமிழக அரசின் அன்றாட அறிக்கை டெல்லி கூட்டம் என்று குறிப்பிட்டுப் பின்னர் 'சிங்கிள் சோர்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதற்குள் யாரைக் குறிக்கிறது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், தமிழ்நாட்டுத் தொற்றுகளில் 84 விழுக்காடு அந்தக் கூட்டத்தோடு தொடர்புடையவை என்றது.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய இன்னொரு எண் காட்டப்படவில்லை. மொத்தம் எத்தனை பேருக்குப் பரிசோதனை, அவர்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்தோடு தொடர்புள்ளவர்கள்? அந்த நாட்களில் பரிசோதனைக் கருவிகள் குறைவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், தொற்றாளரோடு தொடர்பில் இருந்தவர்கள், கடும் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஆகியோருக்கே பரிசோதனை. கூட்டத்துக்குப் போனவர்களின் பட்டியல் இருந்தது. அவர்களையும் அவர்கள் வீட்டாரையும் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். சுகாதாரத் துறை செய்தது சரிதான். ஆனால் தேடிய இடத்தில்தான் கிடைக்கும். தேடாத இடத்தில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு தெருவில் மட்டும் மீட்டர் வைத்து அளந்துவிட்டு, ஊரின் மின்சாரமெல்லாம் அந்தத் தெருவே எரிக்கிறது என்று சொல்வது போன்றது இது. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டங்கள்தோறும் பரவியது. காய்கறி லாரிக்கு மதம் இல்லை என்பதால் அந்தக் கதை வேறு மாதிரி சொல்லப்பட்டது. அதற்குள் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் வியாபாரிகளைத் தெருவுக்குள் விடாமல் விரட்டியிருந்தார்கள்.

2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மேல் போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்தின, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. தீர்ப்பு வந்த செய்தி, குற்றச்சாட்டு வந்த செய்தி அளவுக்கு எத்தனை நாள் ஓடியது என்பதை வாசகர் தம் நினைவிலிருந்தே சொல்லலாம்.

இப்படிச் சொல்லும்போது, மக்கள் களிமண் என்றும் ஊடகம் விரும்பியபடி பிசையும் என்றும் தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்குக் குடியாத்தத்தின் பழைய வரலாறே இருக்கிறது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்ற உறுப்பினர் ஆனது இந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில்தான். எதிர்த்து நின்றது கம்யூனிஸ்ட் கட்சி. காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியார் காமராஜரை ஆதரித்தார், அண்ணாவின் தி.மு.க.வும் ஆதரித்தது. தறிக்குழியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர்களும் பீடி சுற்றியவர்களும் தீப்பெட்டி ஒட்டியவர்களும் வாழ்ந்த ஊரில் பத்திரிகை வாங்கிப் படிக்கக்கூடியவர் சிலர்தான். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள், குறுக்கே கேள்வி போட்டார்கள். சங்கத்துக்காரர் ஒன்று சொல்வார், கழகத்துக்காரர் வேறொன்று சொல்வார். செய்தி காதுக்கு வருவதற்குள் ஒரு வாக்குவாதத்தைக் கடந்தாக வேண்டும்.

பால் லாசர்ஸ்ஃபெல்டு 1940 அமெரிக்க அதிபர் தேர்தலை ஆராய்ந்தபோது இதையே கண்டார். வானொலியும் பத்திரிகையும் வாக்காளரை நேராக மாற்றுவது குறைவு. அவற்றை அதிகம் கவனிக்கும், அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள சிலர் முதலில் உள்வாங்கி, அவர்கள் வாய்வழியாகவே கருத்து பரவுகிறது. இரண்டு கட்டமாக நகரும் இந்த ஓட்டத்தில் இரண்டாவது கட்டத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரை மறித்துக் கேள்வி கேட்கலாம். 2018இன் ஒலிப்பதிவு இந்த இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டது. அனுப்பியது மச்சான், சித்தப்பா, பிள்ளையின் பள்ளிக்கூடக் குழுவில் உள்ள இன்னொரு அம்மா. சொந்தக்காரரின் நம்பகம் அதில் இருக்கிறது, ஆனால் மறித்துக் கேட்க எதிரே ஆள் இல்லை. அவருக்கும் அது இன்னொருவரிடமிருந்து வந்ததுதான். இருட்டில், அவரவர் வீட்டில், அவரவர் காதில் தனியாக ஒலித்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதே விளையாட்டு நடந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு வேறு ஊர்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். வட இந்தியாவில் பெரிய நாளிதழ்கள் உட்படச் சில ஊடகங்கள் அதைச் செய்தியாக்கின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். ஊரிலிருந்து அம்மாவும் மனைவியும் போனில் அழைத்து அழுதால் யார்தான் தங்குவார்? அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே மறுத்துக் காணொளி வெளியிட்டார், தவறான செய்தி பரப்பியவர்கள் மேல் வழக்குகள் பதிவாயின, பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களிடமே பேசியது. பயம் அடங்கியது.

அந்த நேரடிப் பேச்சுதான் வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். அதற்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இருவர், ஒரு கிடங்கு தீப்பிடித்த கதையைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஓர் அலமாரியில் எண்ணெய்ப் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் வரும். பின்னால் ஒரு திருத்தம்: அந்த அலமாரி காலியாகத்தான் இருந்தது. படித்தவர்கள் திருத்தத்தை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனாலும், இவ்வளவு புகை ஏன் வந்தது என்று கேட்டால் பெயின்டைத்தான் காரணம் காட்டினார்கள். வேறு காரணத்துக்கான தடயமும் கதையில் சேர்க்கப்பட்ட பிறகே பெயின்டின் பிடி தளர்ந்தது. வதந்தியை நம்பாதீர்கள் என்ற அறிவிப்பு, மனத்தில் ஒரு காலியிடத்தை விட்டுவிடுகிறது. இவன் குழந்தை கடத்துபவன் இல்லை. சரி, பின்னே யார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதவரை பழைய முகம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பெயரும் ஊரும் வேலையும் உள்ள மனிதராக அவரைக் காட்டும் செய்திகள் முன்பே வந்திருந்தால் மட்டுமே அந்த இடம் நிரம்பும்.

சந்தேக நபர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று எப்போது எழுதலாம் என்பதற்கு ஜெர்மனியின் பத்திரிகை நெறிமுறையில் தனி விதியே உண்டு. கொலோன் நகரில் புத்தாண்டு இரவில் பெண்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு எழுந்த பெரும் விவாதத்தின் முடிவில், 2017இல் அதைத் திருத்தினார்கள்: நியாயமான பொதுநலக் காரணம் இருந்தால் மட்டுமே குறிப்பிடலாம், வெறும் ஆர்வம் காரணமாகாது. நம் பிரஸ் கவுன்சிலின் நெறிகள் சாதியை இழிவுபடும்படி குறிப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. மாநிலத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

அதற்கு முதலில் கணக்கு வேண்டும். 1920இல் வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் 'நியூயார்க் டைம்ஸ்' ரஷ்யப் புரட்சியைப் பற்றி மூன்று ஆண்டுகள் எழுதியதை உட்கார்ந்து எண்ணினார்கள். போல்ஷெவிக் ஆட்சி கவிழ்ந்துவிட்டது அல்லது கவிழப்போகிறது என்று அந்த இதழ் 91 முறை எழுதியிருந்தது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. பழைய இதழ்களும் பொறுமையும் போதும். குடியாத்தம் அரசினர் திருமகள் ஆலைக் கல்லூரி மாணவர்கள் நினைத்தால் ஒரே பருவத்தில் இதைச் செய்துவிடலாம். வேலூர்ப் பதிப்புகளின் மாவட்டப் பக்கங்களை 2012 பிப்ரவரியிலிருந்து 2018 ஏப்ரல் வரை எடுத்துக்கொண்டு நான்கு பத்தி போட்டால் போதும்: குற்றம் என்ன, பிடிபட்டவர் எந்த ஊர், அந்த ஊர் தலைப்பில் வந்ததா, விசாரணை முடிவு எப்போதாவது அச்சானதா. ராணிப்பேட்டைத் தொட்டி இடிந்ததற்கு ஐந்தாவது பத்தியாக ஒன்று: எத்தனை நாள்.